இணையத்தளம் தயார், ஆட்களை எப்படி வரவைப்பது? வன்னிக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ காசு கொடுத்து இணையத்தளம் செய்வித்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தளம் வடிவாத்தான் இருக்கு தம்பி, ஆனா ஒருத்தரையும் காணேல்லையே?" காணக் கிடைக்காது. அப்படி ஒரு தளம் இருப்பது உங்களுக்கும் அதைச் செய்து தந்தவருக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆலோசனைகள் அதற்குப் பிறகுதான் வரிசை கட்டும். கூகிளில் முதலாவது இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் வருவார். பேஸ்புக்கில் காசு கட்டிப் பதிவைப் பூஸ்ட் பண்ணினால் போதும் என்பார் இன்னொருவர். யூரியூப் பொடியன் ஒருவனைக் கூப்பிட்டுக் கடையைக் காட்டுவோம் என்று மச்சான் நிற்பார். ஒரே நாளில் பத்தாயிரம் பார்வையாளர்களைத் தருவதாக எங்கிருந்தோ மின்னஞ்சல் வரும். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றவை எல்லாம் பலன் தரக்கூடிய வழிகள்தான். ஆனால் மாதம் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாவுக்கு மேல் ஒதுக்க முடியாத ஒரு கடை, நாலு வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் காசை இறைத்தால் நாலிலும் ஒன்றும் தேறாது. முதலில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. வாங்குகிறவர் உங்கள் பொருளைத் தானாகத் தேடுகிறாரா, அல்லது கண்ணில் பட்டால்தான் வாங்க நினைப்பாரா? அவர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா, ரொறன்ரோவில் இருக்கிறாரா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. பேச வசதியாக மூன்று கடைகளை எடுத்துக்கொள்வோம். மாங்குளம் சந்திக்குக் கிட்ட ஏ9 வீதியில் ஒரு தங்குமிடம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் காசு அனுப்ப, ஊரில் இருக்கிற அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக்கும் சேலையும் கொண்டுபோய்க் கொடுக்கிற கிளிநொச்சி 'சர்ப்ரைஸ்' கடை. பரந்தனில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை. மூன்றும் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொண்ட கடைகள்தான். ஆனால் இந்த மாதிரிக் கடை உங்களுக்கும் ஒன்றிரண்டு தெரிந்திருக்கும்.

கூகிள் தேடலில் வருவது

இதில் இரண்டு வழி உண்டு. காசு கட்டி விளம்பரமாக மேலே நிற்பது ஒன்று. பக்கத்தைத் திருத்தித் திருத்தி, காசில்லாமல் தானாக மேலே வருவது மற்றது. முதலாவது வறட்சி காலத்தில் பிரதேச சபை அனுப்புகிற பவுசர் தண்ணீர், இரண்டாவது வளவில் தோண்டுகிற கிணறு. பவுசர் இன்றைக்கே வரும், காசு நின்றால் அதுவும் நிற்கும். கிணறு தோண்டுகிறவருக்கு நாலு மாதத்தில் இருந்து ஒரு வருடம் வரை பிடிக்கும் என்று கூகிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஒரு மாதத்தில் முதலிடம் என்று உறுதி தருகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

கிணறு தோண்டுகிற வேலை என்று பலர் விற்பதில் பாதி பழங்கதை. பக்கத்தின் மறைவான பகுதியில் தேடல் சொற்களை அடுக்கி வைப்பது இன்னும் சிலரின் விலைப்பட்டியலில் இருக்கிறது. அதைத் தான் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009 இலேயே அறிவித்துவிட்டது. ஆயிரம் தளங்களில் இருந்து உங்கள் தளத்துக்கு இணைப்பு வாங்கித் தருவதும் அப்படித்தான். 2012 இல் கூகிள் தன் தேடல் வரிசைப்படுத்தலில் செய்த 'பெங்குவின்' என்ற மாற்றத்தோடு, காசுக்கு வாங்கிய இணைப்புகளால் மேலே ஏறியிருந்த தளங்கள் பல கீழே விழுந்தன. பழைய மாணவர் சங்கத் தளம், ஊர்ச் செய்தித் தளம், நீங்கள் பந்தல் போட்டுக் கொடுத்த கோயிலின் தளம் ஆகியவற்றில் இருந்து உண்மையான காரணத்தோடு வரும் ஐந்தாறு இணைப்புகள் அந்த ஆயிரத்தை விடப் பெறுமதியானவை.

வன்னிக் கடைகளின் தளங்களுக்கென்றே இருக்கிற குறை வேறு. தளத்தைத் திறந்து, ஒரு தமிழ் வரியை விரலால் அழுத்திப் பிரதியெடுத்து, வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் சரி. அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குழம்பி வந்தால், அச்சகத்தில் நோட்டீசுக்குத் தட்டிய பாமினி எழுத்துருவை அப்படியே தளத்தில் போட்டிருக்கிறார்கள். பார்க்கிற கண்ணுக்கு அது தமிழ், கூகிளுக்கு வெறும் குப்பை. பிரதியெடுக்கவே முடியாவிட்டால் எழுத்து முழுவதும் படத்துக்குள் இருக்கிறது. விலைப்பட்டியல், தொலைபேசி எண், "24 மணிநேரச் சேவை" எல்லாம் ஒரு சிவப்பு மஞ்சள் பனருக்குள். எங்கள் பக்கத் தளங்களில் இது சர்வசாதாரணம். இந்த ஒன்றைத் திருத்தி, எந்தப் போனிலும் தமிழாகவே வருகிற யூனிகோட்டில் எழுதுவித்தாலே, காசு கொடுத்துச் செய்விக்கிற மற்ற எந்த வேலையையும் விட அதிகம் மாறும். தமிழில் ஒழுங்காக எழுதிய கடைப் பக்கங்கள் குறைவு என்பதால் போட்டியும் குறைவு.

அடுத்தது, சனம் எப்படித் தட்டுகிறது என்பது. முல்லைத்தீவை ஆங்கிலத்தில் மூன்று நாலு விதமாக எழுதுவார்கள். புதுக்குடியிருப்பை பி.ரி.கே. என்று முடித்துவிடுவார்கள். தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறவர்களும் நிறைய. கூகிளின் தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைப் பாதி தட்டிவிட்டு நிறுத்தினால் கீழே விரியும் பட்டியல், மற்றவர்கள் என்ன தட்டுகிறார்கள் என்பதற்கு இலவசமான சாட்சி. தளம் சில மாதம் ஓடிய பிறகு 'சேர்ச் கொன்சோல்' என்ற கூகிளின் இலவசக் கருவியைத் திறந்தால், எந்தச் சொற்களுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று சொல் சொல்லாகத் தெரியும். தளம் செய்து தந்தவர் இதைத் திறந்து தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மாங்குளத்துத் தங்குமிடத்துக்கோ, இணையத்தளத்தை விட கூகிள் வரைபடம்தான் முக்கியம். கொழும்பில் இருந்து இரவு யாழ்ப்பாணம் போகிறவர், சாரதிக்கு நித்திரை தூங்குகிறது என்று கண்டதும், போனில் பக்கத்தில் அறை இருக்கிறதா என்றுதான் தட்டுவார். வரைபடத்தில் மேலே வருவதை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன என்று கூகிள் சொல்கிறது: தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் என்பது. அந்த வரிசையில் ஏறக் காசு வாங்க மாட்டோம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். பதிவு இலவசம். உறுதிப்படுத்துவதற்குப் பெரும்பாலும் ஒரு வீடியோ கேட்பார்கள். வீதியில் நின்று தொடங்கி, பெயர்ப்பலகையைக் காட்டி, கதவைத் திறந்து உள்ளே போய், உரிமையாளர் மட்டும் போகக்கூடிய ஓர் இடம் வரை வெட்டாமல் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஏ9 வீதி, மாங்குளம்" என்று இலக்கமில்லாத முகவரியைக் கொடுத்தால் குறி ஊரின் நடுவில் எங்காவது விழும். போனில் வரைபடத்தைப் பெருப்பித்து, அந்தச் சிவப்புக் குறியை உங்கள் வாசல் வரை இழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரவு பதினொரு மணிக்கு வான் ஒன்று யாருடையவோ வயல் வரம்பில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் எடுக்கும்.

இந்தத் தங்குமிடத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். வடக்குக்குச் சுற்றுலா வரும் பஸ்களும் அப்படித்தான். தளத்தில் தமிழ்ப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் மட்டும் வைத்துக்கொண்டு அவர்களைத் தேடலில் எதிர்பார்க்க முடியாது. சிங்களத்தில் ஒரு பக்கம், அறை வாடகையோடு, தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதுவித்துப் போடலாம்.

கூகிள் விளம்பரம்

ஒவ்வொரு தேடலுக்கும் கண் இமைக்கிற நேரத்துக்குள் விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்கும். அதிக விலை சொன்னவர்தான் மேலே என்றில்லை. விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், போய்ச் சேரும் பக்கம் எப்படி என்பதையும் கணக்கில் எடுப்பார்கள். தேடல் விளம்பரத்தை யாராவது தொட்டால் மட்டும் காசு. 2018 இல் இருந்து தமிழிலும் விளம்பரம் எழுதலாம்.

காசு வீணாகப் போகிற இடங்கள் தெரிந்தவை. ஊரைத் தெரிவு செய்கிற இடத்தில், அங்கே இருக்கிறவர்களுக்கு மட்டுமில்லாமல் அந்த ஊரில் அக்கறை காட்டுகிறவர்களுக்கும் காட்டு என்பதுதான் தானாக இருக்கும் தெரிவு. பரந்தன் உதிரிப்பாகக் கடைக்கு இது வீண் செலவு, லண்டனில் இருந்து பரந்தனைப் பற்றித் தேடுகிறவர் வந்து பிஸ்டன் றிங் வாங்கப் போவதில்லை. சர்ப்ரைஸ் கடைக்கு அதே தெரிவு வரம். அடுத்தது விலக்குச் சொற்கள், அதாவது எந்தச் சொல்லைத் தட்டினால் உங்கள் விளம்பரம் வரக் கூடாது என்பது. "ஹோட்டல்" என்று போட்டுவிட்டு "வேலை" என்பதை விலக்காமல் விட்டால், ஹோட்டலில் வேலை தேடுகிற பொடியன்களுக்கெல்லாம் நீங்கள் காசு கட்டுவீர்கள். நாளொன்றுக்கு 500 ரூபா என்று வைத்தால் ஒரு நாளில் அதன் இரண்டு மடங்கு, 1000 ரூபா வரை போகலாம். பயப்படத் தேவையில்லை, மாதத்தில் 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது 15,200 ரூபா. கணக்கு டொலரில் இருந்தால் ரூபா விழும்போது அதே காசுக்குக் குறைந்த ஆட்கள்தான் வருவார்கள். 2022 இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவில் இருந்து 360 வரை போனதை மறக்க முடியாது.

பேஸ்புக்

தேடாதவருக்குக் காட்டுவதற்கு இதை விட மலிவான இடம் இன்னும் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் பக்கம் ஒன்றைத் தொடங்கிப் பதிவு போட்டாலே சனம் பார்க்கும் என்ற காலம் முடிந்துவிட்டது. 2018 ஜனவரியில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்த பிறகு கடைப் பக்கங்களின் பதிவுகள் இன்னும் ஒதுங்கிப் போயின. காசு போட்டால்தான் காட்டும்.

பூஸ்ட் பொத்தான் இலகுவானது, அதில்தான் வில்லங்கமும் இருக்கிறது. அது பெரும்பாலும் லைக் போடுகிற ஆட்களைத்தான் தேடிப் பிடிக்கும். தளத்துக்கு ஆள் வேண்டுமென்றால் 'அட்ஸ் மனேஜர்' என்ற பேஸ்புக்கின் விளம்பரப் பகுதிக்குள் போய், தளத்துக்கு வருகை என்ற நோக்கத்தைத் தெரிவு செய்து, இணைப்பைத் தொட்டவர் எண்ணிக்கையை விட்டுப் பக்கம் திறந்தவர் எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, முத்தையன்கட்டுப் பக்கம் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கிற இடத்தில், முகப்பில் பெரிய படங்கள் சுழலுகிற தளம் திறக்கும் முன்பே ஆள் பின்வாங்கிவிடுவார். தொட்டதாகக் கணக்கு விழும், வந்ததாக விழாது. தளத்தின் படங்களைச் சுருக்குவது விளம்பரக் காசில் நேரே மிச்சம்.

வெளிநாட்டுத் தமிழரைக் குறிவைக்கிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு. மொழி என்ற இடத்தில் தமிழைத் தெரிவு செய்தால், பெரும்பாலும் பேஸ்புக்கையே தமிழில் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் காட்டும். ஸ்காபரோவிலோ பாரிசிலோ வளர்ந்தவர் போனை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வைத்திருப்பார். அந்த இடத்தை வெறுமையாக விட்டு, ஊரையும் வயதையும் மட்டும் குறித்து, விளம்பரத்தின் படத்திலேயே "கிளிநொச்சியில் அம்மாவுக்குக் கேக்" என்று தமிழில் எழுதிவிட்டால் தமிழ் வாசிக்கிறவர் தானாக நிற்பார். கனடாவில் ஒருவரைத் தொடவைக்க இலங்கையில் ஆவதை விடக் கூடச் செலவாகும், அதையும் விலையில் சேர்க்க வேண்டும்.

வட்ஸ்அப்

உண்மையில் வன்னியில் வியாபாரம் பேசப்படுவது இங்கேதான். காசு போகாது, ஆனால் எல்லை இருக்கிறது. ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தரத்தில் அனுப்புகிற ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போகும். ஆகவே கடைக்கு வருகிறவரிடம் அவர் எண்ணை வாங்குவதை விட, உங்கள் எண்ணை அவர் போனில் பதிய வைப்பது முக்கியம். ஊர்ச் சங்கக் குழுக்களில் விளம்பரத்தைக் கொட்டாதீர்கள். இழவுச் செய்திக்குக் கீழே கேக் படம் போட்டவரை ஊர் இலேசில் மறக்காது.

கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு குறிப்பு. வட்ஸ்அப்பில் இருந்து வந்தவர்களைப் புள்ளிவிபரக் கருவி பெரும்பாலும் நேரே வந்தவர்கள் என்றே காட்டும். இணைப்பின் வாலில் எங்கிருந்து என்று ஒரு குறி ஒட்டி அனுப்பினால்தான் பிரித்துப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் "வட்ஸ்அப்பால் ஒருத்தரும் வரேல்லை" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு.

யூரியூப், மின்னஞ்சல், விலைக்கு வாங்கும் கூட்டம்

வடக்கில் ஊர் சுற்றிக் காட்டுகிற யூரியூப்காரர்களை வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஆசையாகப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவர் சர்ப்ரைஸ் கடையின் ஒரு விநியோகத்தை எடுத்துக் காட்டினால் அது வேலை செய்யும். ஆனால் சிறிய 'ஷோர்ட்ஸ்' வீடியோவின் கீழே போடுகிற இணைப்பை 2023 ஓகஸ்ட் முடிவில் இருந்து தொட முடியாது. நீளமான வீடியோவுக்குப் பேசுங்கள், இணைப்பு விளக்கத்தின் முதல் வரியில் வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அம்மா அழுவதைப் படம் பிடிக்கக் கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருக்கட்டும்.

மின்னஞ்சல் சர்ப்ரைஸ் கடைக்கு மட்டும் பொருந்தும்: ஒரு முறை வாங்கியவருக்கு அடுத்த வருடம் அதே பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு வரி. மற்ற இரண்டு கடைக்கும் தேவையில்லை.

விலைக்கு வாங்கும் பத்தாயிரம் பேர் மனிதர்களே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல்கள் வந்து பக்கத்தைத் திறந்து மூடிவிட்டுப் போகும். கணக்குப் பலகையில் கோடு மேலே ஏறும், கடைத் தொலைபேசி அடிக்காது. அதோடு, உண்மையாக வந்த நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையும் அந்தக் கூட்டத்துக்குள் தேட முடியாது.

யாருக்கு எது

தங்குமிடத்துக்கு வரைபடப் பதிவும் சிங்களப் பக்கமும் முதலில். விளம்பரம், வெளிநாட்டில் பள்ளி விடுமுறை விட்டு ஆட்கள் வந்திறங்குகிற ஜூலை, ஓகஸ்டில் மட்டும், தேடல் விளம்பரமாக. மற்ற மாதங்களில் அந்தக் காசுக்கு அறைக்கு நல்ல மெத்தை வாங்கலாம், மெத்தை நன்றாயிருந்தால் வரைபடத்தில் நல்ல கருத்து விழும்.

உதிரிப்பாகக் கடைக்கு, காசு வாங்கித் தளம் செய்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், இணையத்தளமே இப்போதைக்கு அவசரமில்லை. காலபோக உழவுக்கு முன்பு இயந்திரம் நின்றுவிட்ட விவசாயி பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார், உடைந்த பாகத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி "இது இருக்கோ அண்ணை?" என்று கேட்பார். வரைபடத்தில் சரியான குறி, பாகங்களின் படமும் விலையும் உள்ள வட்ஸ்அப் பட்டியல், பதில் சொல்ல ஓர் ஆள். புரட்டாதியில் சுற்றியுள்ள ஊர்களுக்கு மட்டும் பேஸ்புக்கில் ஒரு சிறு விளம்பரம். அவ்வளவுதான்.

சர்ப்ரைஸ் கடைக்குத்தான் உண்மையான போட்டி இருக்கிறது. தேடுகிறவரும் உண்டு, கண்டால் வாங்குகிறவரும் உண்டு. நான் என்றால் முதல் மூன்று மாதம் காசில் பெரும் பங்கைக் கூகிள் தேடல் விளம்பரத்துக்குப் போடுவேன், ஏனென்றால் நாளை மறுநாள் பிறந்தநாள் என்று தேடுகிறவர் விலை பார்க்க மாட்டார். எந்தச் சொற்களில் ஓடர் விழுகிறது என்று தெரிந்ததும் அதே சொற்களுக்கு ஊர் ஊராக, கிளிநொச்சிக்கு ஒன்று, முல்லைத்தீவுக்கு ஒன்று, மல்லாவிக்கு ஒன்று என்று பக்கம் எழுதுவித்து, விளம்பரத்தை மெல்லக் குறைப்பேன். பேஸ்புக் அன்னையர் தினம், தீபாவளி, தைப்பொங்கலுக்கு முந்திய பத்து நாளுக்கு மட்டும். நேரத்தையும் பார்க்க வேண்டும்: கோடையில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. அந்த நேரத்தில் போனைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு விளம்பரத்தை நிறுத்தி வைப்பது நல்லது. பதில் வராதவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இதையெல்லாம் ஒருவரிடம் காசுக்கு ஒப்படைக்கப் போகிறீர்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் விளம்பரக் கணக்கு, வரைபடப் பதிவு, தளத்தின் பெயர்ப் பதிவு (டொமைன்) மூன்றும் யாருடைய மின்னஞ்சலில் திறக்கப்படுகின்றன என்று கேளுங்கள். உங்களுடையதில் திறந்து, அவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். அவருடையதில் இருந்தால், அவரோடு மனஸ்தாபம் வருகிற அன்று இத்தனை மாதமும் எந்தச் சொல்லுக்கு யார் வந்தார்கள் என்ற கணக்கு முழுவதும் அவரோடு போய்விடும். மாத அறிக்கையில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை முதல் வரியில் போட விடாதீர்கள். எத்தனை அழைப்பு, எத்தனை வட்ஸ்அப் விசாரிப்பு, எத்தனை ஓடர் என்று கேளுங்கள். விளம்பரத்துக்குப் போன காசையும் அவருடைய கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து "பக்கேஜ்" என்று சொல்கிறவர், முப்பதாயிரத்தில் கூகிளுக்கு எவ்வளவு போனது என்று கேட்டதும் கதையை மாற்றினால், வேறு ஆளைப் பாருங்கள்.